தூக்கம் கலைந்த கைக்கடிகாரம்

"போ, போ, போ!" என்று அண்ணி என் முதுகில் குத்தினாள். சிக்னல் இன்னும் சிவப்பில்தான் இருந்தது.

"அண்ணி, இது ஸ்கூட்டர். குத்தினா வேகமா ஓடறதுக்குக் குதிரை இல்ல."

"உன்கூட வாய் குடுக்கற நேரத்துல ரெண்டு தெரு தாண்டியிருக்கலாம், தம்பி."

உலகத்தில் எத்தனையோ பேர் அண்ணன் பெண்டாட்டியைக் கடைக்கும் டாக்டரிடமும் கூட்டிப்போகிறார்கள். என் தலையெழுத்து, நான் குற்றம் நடந்த வீடு வீடாகக் கூட்டிப்போகிறேன். அண்ணி முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தாள். திருடு போகாததைத் திருடு போனது என்று சொல்கிறவர்களைக் கண்டுபிடிக்கிற வேலை. அதை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறியக் கிளம்பியபோது உதவிக்கு ஒரு ஆள் கேட்டாள். என் கூடப்பிறந்த மகராசன் என்னைக் கைகாட்டிவிட்டுத் தப்பித்துக்கொண்டான்.

அன்றைக்குப் போன் செய்தது கல் மேடம். நகைக்கற்களைப் பட்டை தீட்டும் பட்டறை ஒன்றில் தரம் பிரிக்கிறவள், இரும்புப் பெட்டியின் சாவி அவளிடம்தான் இருக்கும். எங்களுக்குப் பழைய பழக்கம். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசியிருக்கிறாள். பாதி வார்த்தை தண்ணீரில் போனது. மீதி இதுதான்: "என் வீட்டுக்காரரைக் கடத்திட்டாங்க. அஞ்சு மணிக்குள்ள நீலக்கல் கைக்குப் போகலைன்னா கொன்னுடுவாங்களாம். கல்லை எடுத்துட்டு வந்துட்டேன். சீக்கிரம் வாங்க."

பட்டறையிலிருந்து ஒரு தூசியைக்கூட வெளியே கொண்டுவராதவள் அவள். அவளே கல்லை எடுத்துவிட்டாள் என்றால் நிலைமை என்னவென்று புரிந்துகொள்ளுங்கள். கொடுத்தால் அவள் சிறைக்குப் போவாள், கொடுக்காவிட்டால் புருஷன் பிணமாக வருவான். இதை நினைத்துக்கொண்டே ஓட்டியதில் ஒரு பஸ்ஸை இடிக்கப் பார்த்தேன்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. மாடியேறி மூச்சு வாங்கிக்கொண்டு மணியடித்தபோது, கதவைத் திறந்தது கல் மேடம் இல்லை. ஐம்பதைத் தொடும் ஒரு பருமனான மனிதர், வியர்த்த முகம், கையில் ஒரு தண்ணீர் டம்ளர்.

"யாரு நீங்க?"

"நான்தான் வரச் சொன்னேன், அண்ணா," என்று பின்னாலிருந்து கல் மேடத்தின் குரல் வந்தது. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

"என்னம்மா இது, வெளியாளுங்களைக் கூப்பிடக் கூடாதுன்னு எழுதியிருந்தானே!"

"போலீஸைத்தானே கூப்பிடக் கூடாதுன்னான். இவங்க போலீஸ் இல்லையே."

"சத்தியமா இல்ல சார்," என்றேன் நான். "எங்களைப் பார்த்து யாரும் இதுவரைக்கும் பயந்ததே கிடையாது."

அவர் சிரிக்கவில்லை. அவரைப் பற்றிக் கல் மேடமே சொன்னாள். வீட்டுக்காரர் அச்சு இயந்திரம் பொருத்துகிறவர், மாதத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு நாட்டில் இருப்பார். இவர் அதே கம்பெனியில் பயணங்களுக்கு டிக்கெட் போட்டுத் தருகிறவர். இருபது வருஷச் சிநேகிதம். கூடப்பிறக்காத அண்ணன். சுருக்கமாக டிக்கெட் அண்ணன் என்று நான் மனசுக்குள் பெயர் வைத்துக்கொண்டேன்.

"காலையில இருட்டோட கிளம்பினார்," என்றாள் கல் மேடம். கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள், உட்காரச் சொன்னால் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள். "வாடகைக் கார்ல ஏர்போர்ட்டுக்குப் போனார். மத்தியானம் பெல் அடிச்சுது. போய்ப் பார்த்தா யாரும் இல்ல, வாசல்ல ஒரு அட்டைப்பெட்டி. உள்ள அவரோட வாட்ச். ஒரு துண்டுச் சீட்டு. 'உன் புருஷன் ஏர்போர்ட் போய்ச் சேரலை, எங்ககிட்ட இருக்கான். அடையாளத்துக்கு வாட்ச்'னு. போன் போட்டா ஆஃப். விமானக் கம்பெனியைக் கேட்டா பயணி விவரம் போன்ல சொல்ல மாட்டோம்னுட்டாங்க. அப்புறம்தான் அண்ணாவைக் கூப்பிட்டேன்."

"நான் எனக்குத் தெரிஞ்சவங்களை வெச்சு விசாரிச்சேன்," என்றார் டிக்கெட் அண்ணன். "அவன் விமானத்துல ஏறவே இல்ல. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. உடனே ஓடி வந்துட்டேன்."

"கல்லை எங்க கொடுக்கணும்?" என்றாள் அண்ணி.

"பஸ் ஸ்டாண்டு வாசல்ல மூணாவது குப்பைத்தொட்டி. பொம்பளை வரக் கூடாதாம். நானே போறேன்னு சொல்லியிருக்கேன். என் உயிர் போனாலும் பரவாயில்ல."

கல் மேடம் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அண்ணி சோபாவில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் கையில் எடுத்தாள். கனமான எஃகுப் பட்டை. கருநீல முகம். நடுவில் பெரிய முள்கள், அதற்குக் கீழே ஒரு சின்ன வட்டத்துக்குள் இன்னொரு ஜோடி குட்டி முள்கள். ஓரத்தைச் சுற்றி உலகத்து நகரங்களின் பெயர்கள் எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்தில் இருந்தன.

"அடேயப்பா, வாட்ச்சா இது, விமானமே மாதிரி இருக்கு," என்றேன்.

"ஓயாம ஊர் சுத்தறவங்களுக்குன்னே செஞ்சது," என்றாள் அண்ணி. "பேட்டரி மாத்தவே வேணாம். முகத்துல விழற வெளிச்சம்தான் இதுக்குச் சாப்பாடு. எந்த ஊர்ல இறங்கினாலும் வெட்டவெளியில நின்னு ஒரு பொத்தானை அழுத்தினா சாட்டிலைட்டைக் கேட்டு அந்த ஊர் நேரத்துக்குத் தானே மாறிக்கும். திருகைத் திருகி கையாலயும் மாத்தலாம். சின்ன வட்டம் வீட்டு நேரம். இன்ஷூரன்ஸ்ல இருந்தப்போ இதே மாதிரி வாட்ச் தொலைஞ்சதா ஒருத்தன் என்னை மூணு மாசம் சுத்தவிட்டான்." பிறகு டிக்கெட் அண்ணனைப் பார்த்தாள். "உங்களுக்கும் இதைப் பத்தித் தெரியுமா சார்?"

"எனக்கு எதுக்கும்மா? நான் மேஜைக்குப் பின்னாடி உக்கார்ற ஆளு. மணி பார்க்கப் போன் போதும்."

அண்ணி கல் மேடத்தின் பக்கம் திரும்பினாள். "பெட்டியைத் திறந்தப்போ வாட்ச் எப்படி இருந்துச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

கல் மேடம் தயங்கினாள். "சொன்னா சிரிப்பீங்க."

"இவன் சிரிச்சா நான் பார்த்துக்கறேன்."

"பால்கனி வெளிச்சத்துல வெச்சுத்தான் பிரிச்சேன். முதல்ல முள்ளெல்லாம் அசையாம நின்னுது. ரெண்டு மூணு நொடிதான் இருக்கும்… திடீர்னு எல்லா முள்ளும் கிறுகிறுன்னு சுத்த ஆரம்பிச்சுது. பேய் பிடிச்ச மாதிரி. நான் அலறிக் கீழே போட்டுட்டேன். எடுத்துப் பார்த்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி சரியா ஓடிட்டிருக்கு."

"பாவம்," என்றார் டிக்கெட் அண்ணன். "பயத்துல என்னென்னமோ தெரியுது அவளுக்கு."

அண்ணியின் முதுகு நிமிர்ந்தது. எனக்கு அந்த முதுகு தெரியும். வீட்டில் அண்ணன் ஏதாவது பொய் சொல்லும்போதும் அப்படித்தான் நிமிரும்.

"பயமும் இல்ல, பேயும் இல்ல. இந்த வாட்ச்சைச் சில நாள் சேர்ந்தாப்போல இருட்டுல போட்டு வெச்சா, சாப்பாடு இல்லையேன்னு சக்தியை மிச்சம் பிடிக்க முள்ளை நிறுத்திட்டுத் தூங்கிடும். உள்ளுக்குள்ள மட்டும் மணி ஓடிட்டிருக்கும். மறுபடியும் வெளிச்சம் பட்டா முழிச்சுக்கிட்டு, விட்ட நேரத்தைப் பிடிக்க விறுவிறுன்னு சுத்தும். நீங்க பார்த்தது அதைத்தான்."

என் மூளை எப்போதாவதுதான் வேலை செய்யும். வேலை செய்தால் வாய் உடனே திறந்துகொள்ளும். "அப்படின்னா சார் இந்த வாட்ச்சைப் பல நாளா கட்டவே இல்ல! எங்கேயோ ஒளிச்சு வெச்சு, எல்லாத்தையும் முன்கூட்டியே ஏற்பாடு பண்ணி… மேடம், உங்க வீட்டுக்காரரை யாரும் கடத்தலை. அவரே தன்னைக் கடத்திக்கிட்டு—"

பளார்!

கல் மேடத்தின் கை இவ்வளவு கனம் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"காலையில இந்த வாசல்ல நின்னு என் கையால அவருக்கு மாட்டிவிட்டேன். கொக்கி சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. குளிக்கற நேரம் தவிர கழட்டாத மனுஷன் அவர். என்ன பேச்சு பேசறே நீ?" என்று கத்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

டிக்கெட் அண்ணன் மெதுவாக அவள் பக்கத்தில் போனார். "தம்பி பட்டுன்னு சொல்லியிருக்கக் கூடாது. ஆனா தங்கச்சி… மனுஷ மனசை யார் கண்டா? எதுவா இருந்தாலும் முதல்ல கல்லைக் கொடுத்துடுவோம். அவன் உயிரோட வரட்டும். மத்ததை அப்புறம் பேசிக்கலாம். நேரம் போயிட்டே இருக்கு."

நேரம் போய்க்கொண்டேதான் இருந்தது. பால்கனி வெயில் தரையில் நகர்ந்து சோபாவின் காலைத் தொட்டுவிட்டது. நான் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். அண்ணி மட்டும் கடிகாரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒரே ஒரு கேள்வி, மேடம். அவர் வேற ஊர் நேரத்துக்கு முள்ளை எப்போ மாத்துவார்? அங்க போய் இறங்கினதுக்கு அப்புறமா?"

"இல்ல. இங்க வண்டியில ஏறி உக்கார்ந்த உடனே திருகைத் திருகி மாத்திடுவார்." அழுகைக்கு நடுவே அவளுக்கு லேசாக ஒரு சிரிப்பு வந்தது. "'உடம்பு அப்புறம் வரட்டும், நான் முன்னாடியே போயிடறேன்'ம்பார். இன்னிக்கும் மாத்தினார். கீழ போய், கிளம்பற வரைக்கும் கார் ஜன்னல்கிட்ட நின்னு பார்த்துட்டிருந்தேனே."

அண்ணி கடிகாரத்தை மேஜையில் வைத்தாள். "மேடம், எனக்குக் கொஞ்சம் தண்ணி வேணும். நானே எடுத்துக்கறேன். தம்பி, வா."

சமையலறைக் கதவைச் சாத்திய கையோடு அவள் என் காதைப் பிடித்தாள். "அந்த வாட்ச் என்ன மணி காட்டுச்சு?"

"சரியான மணிதான்."

"எந்த ஊருக்குச் சரியான மணி?"

"நம்ம ஊருக்கு. பெரிய முள்ளும் நம்ம நேரம், சின்ன வட்டமும் நம்ம நேரம்…" சொல்லும்போதே எனக்குப் பொறி தட்டியது. "அண்ணி! அவர் கார்லயே மாத்திட்டார்னா பெரிய முள்ளு போற ஊர் நேரத்தையில்ல காட்டணும்?"

"அப்பாடா, ஒரு அறைக்கு இவ்வளவு பலன் இருக்கா! அந்த வாட்ச் எங்கேயும் போகலை, போற உத்தேசமும் இல்ல. எவன் வீட்டு அலமாரியிலயோ தூங்கிட்டிருந்த இன்னொரு வாட்ச் அது. அதே மாதிரி, ஆனா வேற."

"அப்ப அவரோட வாட்ச்?"

"அவர் கையிலதான் இருக்கும். இன்னொண்ணு யோசி. திருட்டுக் கல்லை எவனாவது பட்டப்பகல்ல கேப்பானா? இருட்டட்டும்னுதானே காத்திருப்பான்? இவன் ஏன் அஞ்சு மணிக்குள்ளன்னு இப்படிப் பறக்கறான்?"

"சாயங்காலம் சீக்கிரம் வரச் சொல்லி வீட்டுல திட்டியிருப்பாங்க."

"உன்னைத் திருத்த முடியாது. அதோ, பாத்திரம் கவிழ்க்கற பிளாஸ்டிக் டிரே இருக்கு பாரு. அதைத் துடைச்சு எடுத்துட்டு வா."

சாம்பல் நிறத்தில், ஓரம் உயர்ந்த நீளமான டிரே. உயிர் போகிற நேரத்தில் இவளுக்கு எதற்குப் பாத்திரம் கழுவுகிற வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே துடைத்தேன். கேட்டால் இன்னொரு காதும் போகும்.

கூடத்துக்கு வந்ததும் அண்ணியின் குரலே மாறிவிட்டது. "சரி, கல்லைக் கொடுத்துடலாம். சாரும் என் கொழுந்தனும் சேர்ந்து போகட்டும். ஆனா உங்களுக்கே தெரியாம உங்க மேல எவனாவது ஒட்டுக்கேக்கற கருவி வெச்சிருந்தா என்ன பண்றது? போன், சாவி, பர்ஸ், பெல்ட், எல்லாத்தையும் இதுல போடுங்க. சோதிச்சிட்டு அனுப்பறேன். சீக்கிரம், சீக்கிரம்!"

நான் முதலில் என் சாமான்களைக் கொட்டினேன். டிக்கெட் அண்ணன் சலித்துக்கொண்டே பெல்ட்டை உருவி, போன், பர்ஸ், சாவிக்கொத்தோடு டிரேயில் போட்டார். அண்ணி பேச்சோடு பேச்சாக மேஜையில் இருந்த கடிகாரத்தையும் எடுத்து அவற்றுக்கு நடுவே நழுவவிட்டாள். அவசரத்தில் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் செய்கிறாள் என்று நினைத்தேன்.

பைக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு கருவியை எடுத்தாள். அது சுவருக்குள் மின்கம்பி எங்கே ஓடுகிறது என்று காட்டுகிற சாமான். போன மாதம் அண்ணன் படம் மாட்ட ஆணி அடித்து வீட்டையே இருட்டாக்கிய பிறகு வாங்கியது. அதை வைத்துக்கொண்டு அவள் எதிரே போய் நின்றதும், சொல்லாமலே டிக்கெட் அண்ணன் இரண்டு கையையும் விரித்தார். கருவி முன்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றியதும் தானாகவே திரும்பி முதுகைக் காட்டினார்.

"முடிஞ்சுது, நகருங்க! எடுங்க எடுங்க, பின்னாடி ஆள் நிக்குது!" என்று அண்ணி ஒரு அதட்டுப் போட்டு, டிரேயை மேஜை மேலே அவர் பக்கமாகச் சர்ரென்று தள்ளினாள்.

டிக்கெட் அண்ணனின் கைகள் தன்னால் பறந்தன. பர்ஸ் பின்பாக்கெட்டுக்குப் போனது. போன் சட்டைப்பைக்குப் போனது. சாவிக்கொத்து. பெல்ட் தோளில். அப்புறம், கண் கதவுப் பக்கம் இருக்க, வலது கை கடிகாரத்தை எடுத்து இடது மணிக்கட்டில் நுழைத்துக் கொக்கியை அழுத்தியது.

க்ளிக்.

அளவெடுத்துத் தைத்த மாதிரி அந்தத் தடித்த மணிக்கட்டில் அது உட்கார்ந்துகொண்டது.

கல் மேடம்தான் முதலில் அதைப் பார்த்தாள். அவள் கண் அந்தக் கையை விட்டு நகரவே இல்லை.

"அவருக்குக் குச்சிக் கை," என்றாள் மெதுவாக. "பட்டையில சில கண்ணியைக் கழட்டினாத்தான் அவருக்கு நிக்கும். அந்தப் பட்டை உங்க கைக்கு ஏறவே ஏறாது. அண்ணா… இது யாரோட வாட்ச்?"

"இது… அவசரத்துல… தெரியாம எடுத்து…"

"தெரியாமத்தான் எடுத்தீங்க," என்றாள் அண்ணி. "அதுக்குத்தான் டிரேயே வெச்சேன். ஏர்போர்ட்ல வருஷக்கணக்கா இப்படி ஒரு டிரே முன்னாடி நின்னு, கையை விரிச்சு, பின்னாடி நிக்கறவன் திட்டறதுக்குள்ள அள்ளிக் கட்டிக்கிட்டு ஓடின கை அது. தன் சாமானை அது மறக்காது. மேஜைக்குப் பின்னாடியே உக்கார்ந்திருந்த ஆளுக்கு இந்தப் பழக்கம் எப்படி வந்துச்சு சார்?"

இனிமேல் இந்த ஆளுக்கு என்னிடம் மரியாதை கிடையாது. அவன் சோபாவில் பொத்தென்று விழுந்தான்.

"அவரு விமானத்துலதான் இருக்கார், இல்ல?" என்றாள் அண்ணி. "நல்லா ஏறி உக்கார்ந்து, போனை அணைச்சுட்டு, நிம்மதியாப் பறந்துட்டிருக்கார். வழியில இறங்கிப் போனைப் போட்டா உன் நாடகம் கலைஞ்சுடும். எப்போ இறங்குவார்னு டிக்கெட் போட்ட உனக்குத் தெரியாதா? அதனாலதானே அஞ்சு மணி?"

அவன் தலை மட்டும் ஆடியது. கல் மேடம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "உயிரோட இருக்காரா? சத்தியமா இருக்காரா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். அண்ணி அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் ஒரே கடையில, ஒரே நாள்ல வாங்கினது," என்றான் அவன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. "அப்ப நாங்க ரெண்டு பேருமே பறந்துட்டிருந்தோம். என் காது போச்சு. இனிமே விமானம் ஏறினா செவிடாயிடுவேன்னுட்டார் டாக்டர். என் ஊரெல்லாம் அவனுக்குப் போச்சு, எனக்கு அவனுக்கு டிக்கெட் போடற வேலை வந்துச்சு. இதைப் பார்க்கவே வயிறு எரிஞ்சுது. அலமாரியில துணிக்கு அடியில திணிச்சுட்டேன். காலையில இருட்டுல அவசரமா எடுத்துச் சுத்தும்போது ஓடுதா நிக்குதான்னுகூட பார்க்கலை. அந்த ஒரு கல்லு கிடைச்சா எங்கேயாவது போய்த் தனியா தொழில் பண்ணலாம்னு…"

"பேசாதீங்க," என்றாள் கல் மேடம். "மத்தியானத்துலருந்து என் பக்கத்துலயே உக்கார்ந்திருந்தீங்க. நான் அழ அழ எனக்குத் தண்ணி குடுத்தீங்க. குடிச்சேன். அதை நினைச்சா குமட்டுது எனக்கு."

எனக்கு அவனை இழுத்து ஒன்று வைக்க வேண்டும் போல இருந்தது. நான் போலீஸைக் கூப்பிடப் போனை எடுத்தேன், கல் மேடம் தடுத்தாள்.

"அவர் குரலைக் கேக்கற வரைக்கும் யாரும் நகரக் கூடாது. இந்த ஆளு சொன்னதையெல்லாம் நம்பி இன்னிக்கு நான் பட்டது போதும். என் காதால கேக்கணும்."

காத்திருந்தோம். கல்லை மடித்த துணியை அவள் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். அஞ்சு மணி வந்தது, போனது. வாசலில் யாரோ செருப்பைத் தேய்த்தால்கூட எல்லோரும் திடுக்கிட்டோம். பக்கத்து வீட்டில் போன் அடித்தபோது அவள் எழுந்து ஓடினாள். நகத்தைக் கடித்துக் கடித்து எனக்குக் கடிக்க நகம் தீர்ந்துவிட்டது. கன்னம் இன்னும் எரிந்தது. அன்றைக்கு அதைப் பற்றி ஒரு ஜோக்கும் எனக்கு வரவில்லை.

கடைசியில் அடித்தது.

"என்னம்மா இது, இத்தனை மிஸ்டு கால்?" என்று ஸ்பீக்கரில் ஒரு தூக்கக் கலக்கக் குரல் கேட்டது. "இப்பத்தான் இறங்கினேன். அடுத்த விமானத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. வீட்ல எதாவது பிரச்சனையா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"ஹலோ? ஏய், என்ன ஆச்சு? பயமுறுத்தாதே."

"ஒண்ணும் ஆகலைங்க," என்றாள், ஒருவழியாக. "ஒண்ணுமே ஆகலை. சும்மாதான் கூப்பிட்டேன்."

"சும்மாவா! உயிரே போச்சு எனக்கு. சரி, உன் அண்ணன் அந்தப் பக்கம் வந்தா ஒண்ணு சொல்லு. இந்த விமானத்துல ஜன்னலோரம் கிடைக்கவே கிடைக்காது. எப்படியோ வாங்கிக் குடுத்துட்டான் பாவி. பாவம், அவனால ஏற முடியலைன்னாலும் எனக்குப் பார்த்துப் பார்த்துச் செய்யறான். வழியெல்லாம் அவனைத்தான் நினைச்சுட்டிருந்தேன். ஒரு தேங்க்ஸ் சொல்லணும்."

கல் மேடம் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சோபா வரைக்கும் நடந்து போய், போனை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இங்கதான் இருக்கார்," என்றாள். "நீங்களே சொல்லுங்க."

"அட, அங்கேயா இருக்கான்! டேய், காலையில நல்லா தூங்கினேன்டா, உன் புண்ணியத்துல. திரும்பி வந்ததும் நேரா உன் வீட்டுக்குத்தான் வரேன். ஹலோ? டேய்? கேக்குதா?"

அவனுக்குக் கேட்டது. எங்கள் எல்லோருக்கும் கேட்டது.